எக்ஸ்-கதிர்ப் படமும் இயல்பான உடலும்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகின்றேன். எங்கள் பாடசாலை விளையாட்டுத் திடலிலே 11 வயது மாணவன் ஒருவன் இடறி விழுந்தான். வலக்கை மணிக்கட்டு வீங்கிற்று. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம்; எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக் கையிலே தந்தார்கள். வைத்தியரைக் காண முறை வரும்வரை காத்திருந்தபொழுது, நான் அப்படத்தை யன்னல் வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தேன். முன்கை எலும்பின் நுனிக்கருகே குறுக்காக ஒரு கருங்கோடு ஓடுவதைக் கண்டேன். “எலும்பு முறிந்துவிட்டது போலிருக்கிறதம்மா” என்று மாணவனின் தாயாரிடம் கூறினேன். அவர் அழத் தொடங்கினார். சற்று நேரத்தின்பின் வைத்தியர் படத்தைப் பார்த்தார். கையையும் தடவிப் பார்த்தார். “அதிபர் ஐயா, இது முறிவன்று, பிள்ளை வளர்கின்ற இடம். கையில் உள்ளது வெறும் சுளுக்குத்தான்” என்றார்.

சிறுவருடைய நீண்ட எலும்புகளின் நுனிக்கருகே வளர்ச்சித் தட்டு என்னும் மெல்லிய படை ஒன்று உண்டு. அது குருத்தெலும்பினாலானது. கல்சியம் செறியாத காரணத்தால் எக்ஸ்-கதிர் அதனை எளிதில் ஊடுருவிச் செல்லும். ஆதலால் படத்திலே அது கருங்கோடாகத் தோன்றும். வளர்ச்சி முற்றுப்பெறும் பருவத்திலே அந்த இடைவெளி மூடிவிடும். பிள்ளை வளர்கின்றான் என்பதற்குச் சான்றாய் நின்ற கோட்டினை நான் கேடு என்று படித்துவிட்டேன். ஒரு தாயை வீணே அழவைத்த அத்தவறே இப்பொருளைப் பற்றி அறிய என்னைத் தூண்டிற்று. நான் கலைப் பட்டதாரி, வைத்தியன் அல்லன். ஆயினும் கற்ற அளவில் ஓர் உண்மை தெளிவாயிற்று. நோயைக் காண விரும்புபவர் முதலில் நலத்தைக் காணப் பழகவேண்டும் என்பதே அது.

1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள், ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்ஹெல்ம் றொண்ட்ஜன் கண்ணுக்குப் புலனாகாத புதிய கதிர் ஒன்றைக் கண்டறிந்தார். அதன் இயல்பு இன்னதென்று தெரியாமையால் எக்ஸ்-கதிர் எனப் பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 22 ஆம் நாள் தம் மனைவியாரின் கையை அக்கதிரினாற் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெளிவாய்த் தோன்றின; தசையோ மங்கிய நிழலாய் நின்றது. 1901 இல் பௌதிகத்துக்கான முதலாவது நோபெல் பரிசு அவருக்கே வழங்கப்பெற்றது.

அந்த முதற் படத்திலேயே இக்கலையின் அடிப்படை அடங்கியிருக்கின்றது. எக்ஸ்-கதிர்ப் படம் என்பது நிழல்களின் தொகுதி. அதிலே ஐந்து வகைச் சாயல்களைக் காணலாம். காற்று கருமையாகத் தோன்றும், கொழுப்பு கருஞ்சாம்பல் நிறமாகும், தசை, குருதி, நீர் ஆகியன வெளிறிய சாம்பல் நிறமாகும், எலும்பு வெண்மையாகும், உலோகம் யாவற்றினும் மிக்க வெண்மையாகும். குழந்தை அரிச்சுவடி கற்பதுபோல, படம் பார்க்கக் கற்பவர் முதலில் இவ்வைந்தையும் கற்கவேண்டும்.

நெஞ்சறைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நோயாளி நம்மை எதிர்நோக்கி நிற்பதாகக் கொண்டே அதனைப் பார்ப்பர். ஆகவே நமது இடப்பக்கம் இருப்பது அவருடைய வலப்பக்கம். இரு புறமும் கருமையாய்த் தோன்றுவன காற்று நிறைந்த நுரையீரல்கள். நடுவே வெண்மையாய் நிற்பது இருதயம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கின்ற தசைத் தகடு, கீழே இரு வளைவுகளாகத் தோன்றும். வலப்பக்க வளைவு பெரும்பாலும் இடப்பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும். அது நோயன்று, இயல்பு. நின்றநிலையில் எடுத்த படத்தில், இடப்பக்க வளைவின் கீழே ஒரு கருங்குமிழி காணப்படும். அது இரைப்பையிலுள்ள காற்று, அதுவும் இயல்பே. ஆனால் வலப்பக்க வளைவின் அடியிலே பிறைபோன்ற கருங்கீற்று தோன்றினால், இரைப்பையிலோ குடலிலோ துளை விழுந்து காற்று வெளியேறியிருக்கலாம் என வைத்தியர் விரைந்து செயற்படுவார். இரண்டும் காற்றே, இருக்குமிடமே வேறு.

இருதயத்தின் அளவையும் இவ்வாறே அறியவேண்டும். வளர்ந்தவர் ஒருவர் நின்று, மூச்சை நன்கு உள்ளிழுத்து, முதுகுப்புறமிருந்து கதிர் செலுத்தி எடுத்த படத்தில், இருதயத்தின் அகலம் நெஞ்சறையின் உள்ளகலத்திற் பாதியை மிஞ்சுதல் பொதுவாக இல்லை. அவரையே படுக்கையிற் கிடத்தி, முன்புறமிருந்து கதிர் செலுத்தினால், அதே இருதயம் பெரிதாய்த் தோன்றும். குப்பி விளக்கின் முன்னே கையை நீட்டிப் பாருங்கள். சுவருக்கு அருகிற் கை இருந்தால் நிழல் சிறிது. விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெரிது. கையோ மாறவில்லை. ஆதலாற் படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை அறியாமல் அளவு கூறுதல் தகாது.

இருக்கவேண்டியது இல்லாமற் போதலும் நோயின் குறியாகலாம். காற்றுள்ள நுரையீரல் அருகிலே இருப்பதனாலேயே இருதயத்தின் ஓரம் தெளிவாய்த் தெரிகின்றது. நியூமோனியாக் காய்ச்சலால் அவ்விடத்து நுரையீரல் சீழால் நிறையுமாயின், இரண்டும் ஒரே சாயலாகி ஓரக்கோடு மறைந்துவிடும். அக்கோடு வழக்கமாக எங்கே ஓடும் என்று அறிந்தவரன்றோ அதன் மறைவை உணர்வார்!

இயல்பு என்பதும் ஒரே அச்சில் வார்த்ததன்று. மணிக்கட்டிலே எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் படத்தில் அவற்றுள் ஒன்றுதானும் பெரும்பாலும் தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாய்த் தோன்றும். சிலருக்குப் பாதத்திலே மிகையான சிற்றெலும்பு பிறவியிலேயே அமைந்திருக்கும். அறியாதவர் அதனை உடைந்த துண்டு என்பர். இத்தகைய மயக்கங்களைத் தீர்க்கவே, ஜேர்மானிய வைத்தியர் அல்பன் கோலர் 1910 இல், இயல்பின் எல்லை எது, நோயின் தொடக்கம் எது என்பதை விளக்கி நூலொன்று வெளியிட்டார். 1973 இல் அமெரிக்கரான தியடோர் கீற்ஸ், நோய்போலத் தோன்றும் இயல்பு வேறுபாடுகளைத் தொகுத்துப் பெரும் படநூல் ஒன்றை வெளியிட்டார்.

நேயர்களே, இயல்பை அறியாமையால் விளைந்த பெருந்துன்பம் ஒன்றையும் கூறவேண்டும். கைக்குழந்தையின் நெஞ்சறைப் படத்தில், இருதயத்துக்கு மேலே அகன்ற வெண்ணிழல் ஒன்று தோன்றும். அது தைமசுச் சுரப்பி. குழந்தைப் பருவத்திற் பெரிதாயிருந்து பின்னர் சுருங்குவது. ஆனால் முற்காலத்தில் வைத்தியர் அறுத்து ஆராயப் பெற்ற உடல்கள் பெரும்பாலும் வறுமையாலும் நெடுநாள் நோயாலும் மாண்டோருடையவை. நோய்ப்பட்ட உடலில் அச்சுரப்பி விரைந்து சுருங்கிவிடும். அச்சுருங்கிய அளவையே இயல்பெனக் கொண்டமையால், நலமுள்ள குழந்தையின் சுரப்பி வீங்கியதாகக் கருதப்பட்டது. அது மூச்சுக்குழலை நெருக்கிக் கொல்லும் என்று அஞ்சினர். 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், அமெரிக்காவிலே குழந்தைகள் பலருக்கு அச்சுரப்பியைச் சுருக்கவென்று எக்ஸ்-கதிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. கதிர் அருகிலிருந்த தைரொயிட் சுரப்பியையும் தாக்கிற்று. 1950 இல் டவ்வி, பிற்ஸ்ஜெரல்ட் என்னும் இரு வைத்தியர், தைரொயிட் புற்றுநோய் கண்ட சிறுவர் பலர் இச்சிகிச்சை பெற்றவர் என எடுத்துக்காட்டினர். பின்வந்த ஆய்வுகளும் அத்தொடர்பை உறுதிப்படுத்தின. இல்லாத நோய்க்கு மருந்து செய்து, உண்மையான நோயை வருவித்தனர். அவ்வைத்தியர்கள் கொடியவர் அல்லர். குழந்தைகளைக் காக்கவே முயன்றனர். அவர்கள் கையிலிருந்த அளவுகோலே பிழையானது.

இக்காலத்தில் கணினித் திரையிலே படம் தோன்றுகின்றது. நொடியிலே பெருக்கியும் பார்க்கலாம். ஆயினும் பார்க்கும் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும் என்பது மாறவில்லை. பயிலும் வைத்தியர் நோயில்லாத படங்களை நூற்றுக்கணக்கிற் பார்த்தே அத்தெளிவைப் பெறுகின்றார்.

நமக்கு இதனாற் பெறத்தக்க பயன் யாது? முதலாவது, என்னைப்போல யன்னலோரத்திலே தீர்ப்புக் கூறாதிருத்தல். இரண்டாவது, பழைய எக்ஸ்-கதிர்ப் படங்களை எறிந்துவிடாது பேணி, வைத்தியரிடம் செல்லும்போது உடன்கொண்டு செல்லுதல். ஒருவருக்கு இயல்பானது எது என்பதற்கு அவருடைய பழைய படத்தைவிடச் சிறந்த சான்று அரிது. மூன்றாவது, ஐயம் எழுந்தால், “இது இந்த வயதில் இயல்புதானா, ஐயா?” என்று வைத்தியரிடம் தயங்காது கேட்டல்.

அந்த மாணவன் இப்பொழுது என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். அவனைக் காணும்போதெல்லாம் அந்தக் கருங்கோடு என் நினைவுக்கு வருகின்றது.