ஒரே இரவில் படித்தது ஏன் நிற்பதில்லை?

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படித்த யூனிட், அடுத்த வாரமே மறந்துபோகிறதே, ஏன்?

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே மறதி மளமளவென்று நடக்கிறது, பிறகுதான் மெதுவாகிறது. இன்னொன்றையும் கண்டார்: ஒரே நாளில் 68 முறை படித்த பலன், மூன்று நாள்களில் பரப்பிப் படித்த 38 முறையிலேயே கிடைத்தது. எவ்வளவு உழைப்பு மிச்சம்!

இடைவெளி விட்டுப் படிக்கும்போது, பாதி மறந்ததைத் தேடி மீட்கும் முயற்சிதான் நினைவை உறுதியாக்குகிறது. இடையில் வரும் தூக்கமும் அதைப் பதிய வைக்கிறது.

ஆகவே, ஒரு பாடத்துக்கான மூன்று மணி நேரத்தை இன்று, நாளை மறுநாள், அடுத்த வாரம் என்று பிரியுங்கள். இரண்டாம் முறை, புத்தகத்தைத் திறக்குமுன் நினைவிலுள்ளதை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள்.