ஆழமா துளை போடணுமா? அவசரப்படாதீங்க பாஸ்!

ஒரு சின்ன சீன். கொஞ்சம் கற்பனை பண்ணிக்கோங்க.

2011 டிசம்பர் 30. 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். நெய்வேலி, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. உங்க தாத்தா நட்ட பலா மரமும் அதில் ஒண்ணு. எல்லாம் விறகாகப் போச்சு. ஒரே ஒரு கட்டையை மட்டும் உங்க பாட்டி கட்டிலுக்கு அடியில் பத்திரமா வெச்சிருந்தாங்க. இப்போ அப்பா ரிட்டயர் ஆகப் போறார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். சாமான் கட்டும்போது அந்தக் கட்டை உங்க கைக்கு வருது.

'இதுல ஒரு டேபிள் லேம்ப் செஞ்சு பாட்டிக்குக் குடுத்தா என்ன?' மண்டைக்குள் பல்பு எரியுது. கட்டை 300 மி.மீ. உயரம். நடுவில் ஒயர் போக மேலிருந்து கீழ்வரை ஒரு துளை. அவ்வளவுதானே? பக்கத்து வீட்டு டிரில் மெஷினை வாங்கி, அதோடு கிடந்த நீளமான ஏதோ ஒரு பிட்டை மாட்டி அழுத்துறீங்க. புகை வருது. கருகின வாசனை வருது. இன்னும் அழுத்துறீங்க. கடைசியில் பிட் வெளியே எட்டிப் பார்க்குது... அடியில் இல்லை, கட்டையோட விலாவில்!

அந்த மரம் இனி திரும்பக் கிடைக்காது. அதனால டிரில்லைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ஒரு டிகிரி செய்யும் வேலை

ஆழம் குறைவான துளையில் தப்பு தெரியாது. ஆழமான துளை மன்னிக்கவே மன்னிக்காது. கணக்குப் போட்டுப் பாருங்க. ஆரம்பத்தில் பிட் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், 300 மி.மீ. ஆழத்தில் அது சுமார் 5 மி.மீ. விலகிப் போயிருக்கும். ரெண்டு டிகிரி என்றால் 10 மி.மீ.! கையில் பிடித்திருக்கும் டிரில் ரெண்டு டிகிரி சாய்வது கண்ணுக்கே தெரியாது.

சாய்வு பாதிக் கதைதான். மீதி வில்லன் யாரு தெரியுமா? தூள். ஆமா, மரத்தூள்! வெட்டின தூள் வெளியே வரலைன்னா துளைக்குள்ளேயே அடைச்சுக்கும். உராய்வு கூடும், சூடு ஏறும், பிட் மழுங்கும், மரம் கருகும். கடைசியில் பிட் துளைக்குள்ளேயே இறுகி நின்னுடும்.

அதனால இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கிட்டாப் போதும். ஆழமான துளைக்கு பிட் வாங்கும்போது 'எப்படி வெட்டும்?'னு மட்டும் கேட்காதீங்க. 'வெட்டினதை எப்படி வெளியே கொண்டு வரும்?'னு கேளுங்க.

நெய்வேலிக்காரங்களுக்குச் சொல்லணுமா!

இந்தப் பாடத்தை நம்ம ஊர் பிறந்ததிலிருந்தே படிச்சுக்கிட்டுதான் இருக்கு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டினபோது கறுப்பா ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரிக் கதையோட ஆரம்பம். 1956-ல் நிறுவனம் உருவாச்சு. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

கரி கீழே இருக்கு. ஆனா அதுக்கு மேலே கெட்டியான மண்ணும் மணற்பாறையும் இருக்கே! அதை வெட்டத்தான் வாளிச் சக்கர இயந்திரங்கள். சுரங்கத்தைப் பார்வையிடப் போனவங்க பார்த்திருப்பீங்க. சக்கரத்தில் வரிசையா வாளி, வாளி விளிம்பில் பற்கள். இங்கே இருக்கும் பாறை அந்தப் பற்களைச் சீக்கிரமே தேய்த்தது. அதனால பாறையை வெடி வைத்துத் தளர்த்திவிட்டு வெட்ட வேண்டி வந்தது. வெட்டின மண்ணை கன்வேயர் பெல்ட் தூக்கிக்கிட்டுப் போகுது. பெல்ட் நின்னா சக்கரமும் நிக்க வேண்டியதுதான்.

நல்ல பிட்டும் இதே மாதிரிதான். நுனியில் பல், உடம்பில் கன்வேயர். பிட்டைச் சுற்றி ஓடும் திருகுப் பள்ளம்தான் அந்த கன்வேயர். அது மரத்தூளை மேலே தூக்கி வெளியே தள்ளும்.

யாரு யாரு? ஒரு அறிமுகம்!

சாதா ட்விஸ்ட் பிட்: எல்லார் வீட்டிலும் கிடப்பது இதுதான். அடிப்படையில் இரும்புக்காகப் பிறந்தவர். அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் 1863-ல் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். நுனியில் நடுமுள் கிடையாது. அதனால மரத்தின் இழை எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் போய்விடுவார். உங்க பலாக்கட்டையைக் கெடுத்த குற்றவாளி பெரும்பாலும் இவர்தான்.

பிராட் பாயின்ட்: நடுவில் ஒரு முள், விளிம்பில் ரெண்டு கூர்முனை. முள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கூர்முனைகள் இழையைச் சுத்தமாக அறுக்கும். நடுத்தர ஆழத்துக்கு நம்பிக்கையான தோழன்.

ஸ்பேடு பிட்: தட்டையான சின்ன மண்வெட்டி மாதிரி இருப்பார். விலை குறைவு, வேகம் அதிகம். ஆனா உடம்பில் பள்ளமே இல்லை. ஆழம் போகப் போகத் தூளும் அடையும், வழியும் மாறும். மெல்லிய பலகையோடு நிறுத்திக்கோங்க.

ஃபார்ஸ்ட்னர்: 1874-ல் பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் காப்புரிமை பெற்றது. தட்டையான அடிப்பகுதியோடு கண்ணாடி மாதிரி துளை போடும். கப்போர்டு கீலுக்கு சூப்பர். ஆழத்துக்கு ஸாரி! இவருக்கும் தூளைத் தூக்கத் தெரியாது.

ஆகர் பிட்: என்ட்ரி பி.ஜி.எம். போடுங்க, ஹீரோ வந்தாச்சு! நுனியில் திருகாணி, அது பிட்டைத் தானே உள்ளே இழுக்கும். விளிம்புக் கூர்முனை இழையை அறுக்கும். வெட்டும் உதடு சீவும். அகலமான பள்ளம் அள்ளிக்கொண்டு வரும். 1851-ல் ரான்சம் குக் என்ற அமெரிக்கர், மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடையைப் பார்த்து ஒரு ஆகரை வடிவமைத்தார். ஆழத் துளையின் முதல் இன்ஜினீயர் ஒரு புழு!

கடையில் பார்க்க வேண்டியவை

மெயின் பஜாரோ மந்தாரக்குப்பமோ, எந்தக் கடையா இருந்தாலும் சரி, இந்த அஞ்சையும் செக் பண்ணுங்க.

1. பள்ளத்தின் நீளம்: பிட்டின் மொத்த நீளத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. துளையின் ஆழத்தைவிடப் பள்ளம் நீளமாக இருக்கணும். பள்ளம் முழுசும் துளைக்குள்ளே மூழ்கினால் தூளுக்கு வெளியேற வழியே இல்லை. எக்ஸ்டென்ஷன் ராடு பிட்டை நீளமாக்கும், பள்ளத்தை நீளமாக்காது!

2. நேர்: பிட்டைக் கடைக் கண்ணாடி மேஜையில் வைத்து உருட்டுங்க. தடக் தடக்னு குதித்தால் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

3. நுனி: ரெண்டு உதடும் ஒரே உயரத்தில் இருக்கா? கூர்முனைகள் உடையாமல் இருக்கா? ஆகர் திருகாணியின் மரை நுணுக்கமா இருந்தால் கடின மரத்துக்கு, அகலமா இருந்தால் மெது மரத்துக்கு.

4. உலோகம்: கார்பன் ஸ்டீல் விலை குறைவு, அரத்தால் தீட்டுவது சுலபம். ஆனா சூடாகி நீலம் பாய்ந்தால் பதம் போச்சு. ஹெச்.எஸ்.எஸ். சூட்டை நன்றாகத் தாங்கும். கார்பைடு ரொம்பக் கடினம், கீழே போட்டால் சில்லு தெறிக்கும். பிட் தங்க நிறத்தில் மின்னுதா? அது மேல்பூச்சு மட்டுமாகக்கூட இருக்கலாம். மினுமினுப்புக்கு மயங்காதீங்க!

5. பள்ளத்தின் வழவழப்பு: விரலால் ஜாக்கிரதையாகத் தடவிப் பாருங்க. சொரசொரப்பாக இருந்தால் தூள் ஒட்டும். பலா மாதிரி பிசின் உள்ள மரம் பச்சையாக இருந்தால் இன்னும் மோசம். மரம் நன்றாகக் காய்ந்திருக்கணும்.

இப்போ ஸ்டார்ட் மியூசிக்!

கட்டையை கிளாம்ப்பில் இறுக்குங்க. கையில் பிடித்துக்கொண்டு துளை போடவே கூடாது. பிட் இறுகினால் கட்டையே சுழன்று மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். கையுறை மட்டும் வேண்டாம், பிட் அதைச் சுற்றி இழுத்துக்கொள்ளும்.

பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தை நிமிர்த்தி வைங்க. பிட் சாய்கிறதா என்று ஃப்ரெண்டு ஒருத்தர் ரெண்டு பக்கமிருந்தும் பார்க்கட்டும். ஆகருக்கு வேகம் வேண்டாம், டிரில்லின் குறைந்த கியர் போதும். கொஞ்சம் இறக்குங்க, வெளியே இழுங்க, தூளைத் தட்டுங்க, மறுபடி இறக்குங்க. பொறுமைதான் இங்கே ஹார்ஸ்பவர். இன்னொண்ணு, ஸ்டாண்டில் பொருத்திய டிரில் என்றால் திருகாணி ஆகர் வேண்டாம். நீங்க இறக்கும் வேகத்துக்கும் அது இழுக்கும் வேகத்துக்கும் சண்டை வரும். திருகாணி இல்லாத பிட்தான் சரி.

லேம்ப் கட்டைக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் நோட்! இங்கே துளை இழையோடு நீளவாக்கில் போகுது. அதில் திருகாணிக்குப் பிடிப்பு குறைவு. இதுக்கென்றே கரண்டி மாதிரி குழிந்த நீள ஆகர் உண்டு, அது வழி மாறாமல் போகும். கிடைக்கலையா? மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி துளை போட்டு நடுவில் சந்திக்க வைங்க. 150 மி.மீ.க்கு ஒரு டிகிரி சாய்ந்தாலும் விலகல் சுமார் இரண்டரை மி.மீ.தான். 10 மி.மீ. துளையில் ஒயர் போய்விடும். அதுவும் பயமா இருந்தால், ஆசாரியிடம் கொடுத்துக் கட்டையை நீளவாக்கில் ரெண்டாக அறுத்து, உள்பக்கம் பள்ளம் எடுத்து, மறுபடி ஒட்டிவிடலாம். இது தோல்வி இல்லை பாஸ், புத்திசாலித்தனம்!

எதுவா இருந்தாலும் முதலில் ஒரு வேஸ்ட் கட்டையில் ஒத்திகை பாருங்க. பாட்டியோட கட்டை கடைசியில்தான்.

இரண்டரை அடி இசை

'ஒரு ஓட்டைக்கு இவ்ளோ பில்டப்பா?'ன்னு யாராவது கலாய்ச்சா, நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்பு, அணைக்கரை தாண்டி கும்பகோணம் பக்கம் கூட்டிட்டுப் போங்க. அங்கே நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் பிறக்கும் ஊர். பழைய வீடுகளில் பல வருஷம் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து காய்ந்த ஆச்சா மரத்தை எடுத்து, கடைசல் பிடித்து, சுமார் இரண்டரை அடி நீளத்துக்குத் துளைக்கிறார்கள். அதுவும் நேர்க்குழாய் இல்லை. மேலே குறுகி, கீழே போகப் போக விரியும் கூம்பு. ஒரே கருவியால் முடிகிற காரியமா அது? முதலில் சிறிய துளை, பிறகு படிப்படியாக அகலம். உள்துளை பிசகினால் சுருதியே பிசகிவிடும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நீளமான, சுருதி குறைந்த பாரி நாகஸ்வரத்தை உருவாக்கித் தந்தவர் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரிதான். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுத்த முறை கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கேட்கும்போது கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நாம கேட்டு ரசிப்பது, யாரோ பொறுமையாகப் போட்ட ஒரு ஆழமான துளையை!

சரி, உங்க லேம்ப் விஷயத்துக்கு வருவோம். குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க இன்னும் நாள் இருக்கு. நல்ல பிட்டா ஒண்ணு வாங்குங்க. நிதானமா இறக்குங்க, அடிக்கடி வெளியே எடுங்க. புது வீட்டில் முதல் நாள் ராத்திரி, தாத்தா நட்ட மரத்தின் மேலே பல்பு எரியணும். அதைப் பார்த்துப் பாட்டி முகத்தில் ஒரு ஆயிரம் வாட்ஸ் எரியும் பாருங்க... அதுக்கு மின்வெட்டே கிடையாது!