மருந்தைப் பனியாக்கும் கருவி: கழுவும் பக்குவமும் சரியான செல்லும்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும், எந்த வீட்டுக்குப் போனாலும் நெஞ்சில் 'கர்... கர்...' சத்தத்தோடு ஒரு குழந்தை இருக்கும். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டை ஒரு கல்யாணத்துக்காகத் திறந்து, ரெட்டைக்கட்டில் அடுக்கியிருக்கும் பித்தளைச் சாமான்களைத் தூசி தட்டினால், இழைப்பு உள்ள பிள்ளைக்கு அன்று ராத்திரியே மூச்சு வாங்கும்.

முன்பெல்லாம் அர்த்த ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்து, நெபுலைசர் என்ற கருவியைப் பல வீடுகளில் வாங்கி வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்குவதில் காட்டுகிற அக்கறையை அதைக் கழுவுவதிலும், அதற்குச் செல் வாங்குவதிலும் காட்டுகிறோமா? பால் புட்டியை வெந்நீரில் போட்டு எடுக்கிற அதே தாய், மருந்துக் கிண்ணத்தை முந்தானையில் துடைத்து டப்பாவில் வைப்பதைப் பார்க்கிறேன். வயிற்றுக்குள் போகும் கிருமியைத் தடுக்க உடம்பில் சில காவல்கள் உண்டு. இந்தக் கருவியின் நுண்துளியோ காவல்களைத் தாண்டி நேரே நுரையீரலின் அடிவரை போகும்படி செய்யப்பட்டது. அதனால் பால் புட்டியைவிட இதற்கு ஒரு படி அதிகச் சுத்தம் வேண்டும்.

புகையல்ல, பனி!

'குழந்தைக்குப் புகை வைத்தோம்' என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். உண்மையில் இதில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. 'நெபுலா' என்றால் லத்தீன் மொழியில் மூடுபனி. திரவ மருந்தை மார்கழிப் பனி மாதிரி பொடித்துளியாக்குவதுதான் இதன் வேலை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். துளிகள் ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரானுக்குள் இருந்தால்தான் நுரையீரலின் சிறு குழாய்களை எட்டும். பெரிய துளிகள் தொண்டையிலேயே தங்கிவிடும்.

வீட்டுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, 'டர்ர்' என்று சத்தம் போடும் கம்ப்ரஸர் ரகம். மின்சாரத்தில் ஓடும் சின்ன பம்பு, ஒரு குழாய் வழியாகக் காற்றை வேகமாக ஊதும். கிண்ணத்தின் அடியிலுள்ள ஊசித் துவாரத்தில் அந்தக் காற்று பாயும்போது மருந்து சிதறிப் பனியாகும். இன்னொன்று, கைக்குள் அடங்கும் மெஷ் ரகம். ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள் உள்ள ஒரு தகடு அதிர்ந்து அதிர்ந்து மருந்தைப் பனியாக்கும். சத்தம் இருக்காது. இது செல்லில் ஓடும், அல்லது செல்போன் போலச் சார்ஜ் ஏறும்.

இரண்டிலும் உயிர்நாடி அந்தத் துளைதான். அது அடைத்தால் பனி மெலியும், மருந்து குறையும், குழந்தைக்கு இழைப்பு அடங்காது. நாமோ 'மருந்து கேட்கவில்லை' என்று டாக்டரைக் குறை சொல்வோம்!

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது

மருந்து முடிந்து 'பொட் பொட்' என்று சத்தம் வந்ததும் கருவியை நிறுத்துங்கள். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அது இயற்கை. அதைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த வேளைக்கென்று மூடி வைப்பது கூடவே கூடாது.

பிறகு மாஸ்க், கிண்ணம், மூடி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசுங்கள். நல்ல தண்ணீரில் மறுபடி அலசி, உதறி, சுத்தமான வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்தால் தானே காயும். துணி கொண்டு உள்ளே துடைக்காதீர்கள். பஞ்சும் நூலும் ஒட்டிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் டப்பாவில் வைக்க வேண்டும். கிருமிக்குப் பிடித்தது ஈரம்.

காற்றுக் குழாயைத் தண்ணீரில் முக்க வேண்டாம். உள்ளே முத்து முத்தாக நீர் தெரிந்தால், கிண்ணத்தைக் கழற்றிவிட்டுக் குழாயை மட்டும் மாட்டி இரண்டு நிமிடம் ஓடவிட்டால் காய்ந்துவிடும்.

உபயோகிக்கிற நாட்களில் தினம் ஒரு முறை கிருமி நீக்கமும் செய்யுங்கள். கொதிக்கவைக்கலாம் என்று கருவியோடு வந்த புத்தகத்தில் இருந்தால், கிண்ணத்தையும் மூடியையும் 5 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். எல்லா பிளாஸ்டிக்கும் தாங்காது. அதனால் புத்தகத்தைப் பார்க்காமல் அடுப்பில் வைக்காதீர்கள்.

மெஷ் ரகத்தில் அந்தத் தகடை விரலால் தொடுவது, பிரஷ்ஷால் தேய்ப்பது, காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைப்பது எல்லாம் ஆபத்து. புத்தகத்தில் சொன்னபடி, மருந்து முடிந்ததும் சுத்தமான தண்ணீர் கொஞ்சம் விட்டுச் சற்று நேரம் ஓடவிட்டால் துளைகள் கழுவப்பட்டுவிடும்.

கம்ப்ரஸரின் பக்கவாட்டில் சின்ன பஞ்சு ஃபில்டர் இருக்கும். அது பழுப்பேறினால் மாற்றிவிடுங்கள். கழுவிப் போடுவது சிக்கனமாகாது. கருவியை மெத்தை மேலோ கம்பளி மேலோ வைக்காமல் பலகையிலோ மேஜையிலோ வையுங்கள். தூசியும் உறிஞ்சாது, சூடும் ஏறாது.

கிண்ணத்தில் எதை ஊற்றக் கூடாது?

எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு அப்பத்தா, பேரன் மேலிருந்த பாசத்தில் 'மருந்தோடு நாலு சொட்டு நீலகிரித் தைலம் விடடி, சீக்கிரம் கேட்கும்' என்றார்களாம். மருமகள் நல்லவேளையாக விடவில்லை. தைலம், கற்பூரம், ஓமத் திரவம், மூலிகைச் சாறு எதுவும் இதில் போகக் கூடாது. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் ஒருவித நிமோனியாவே வரும். ஆவி பிடிப்பது வேறு, இது வேறு.

தண்ணீரும் கூடாது. எங்கள் ஊரில் சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு அவ்வளவு பெயர்! குடிக்க அது அமிர்தம்தான். ஆனால் மருந்தில் கலக்க, டாக்டர் எழுதிக்கொடுக்கும் கிருமி நீக்கிய சலைன் மட்டும்தான். போரிங் தண்ணீரானால் உப்புப் படிந்து துளையும் அடைபடும்.

ஸ்டீராய்டு மருந்து கொடுத்த பிறகு குழந்தையின் முகத்தைக் கழுவி, வாய் கொப்பளிக்க வையுங்கள். கைக்குழந்தையானால் ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஒரு குழந்தையின் மாஸ்க்கும் கிண்ணமும் இன்னொரு குழந்தைக்கு வேண்டாம், சொந்தத் தம்பியானாலும் சரி.

செல் வாங்கும் கலை

காரைக்குடிக்காரர்களுக்குப் பாட்டரி அந்நியமில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 'சிக்ரி' என்றால் எல்லோருக்கும் தெரியும். பாட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் போன இடம். ஆனாலும் கடைக்குப் போனால் நாம் 'ரெண்டு பென்சில் செல் கொடுங்க' என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வருகிறோம்!

பார்ப்பதற்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே சரக்கு வேறு. சாதாரண துத்தநாக-கார்பன் செல், சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் போதும். அவை துளித்துளியாக மின்சாரம் குடிப்பவை. மெஷ் நெபுலைசர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி போன்றவை ஒரேயடியாக இழுப்பவை. அங்கே சாதாரண செல் சீக்கிரம் துவண்டு, பனி மெலிந்துவிடும். ஆல்கலைன் செல்தான் ஏற்றது. செல்லின் மேல் பொடி எழுத்தில் பார்த்தால் தெரியும்: ஆர்6 என்றால் சாதாரணம், எல்ஆர்6 என்றால் ஆல்கலைன். ஒல்லி செல்லானால் ஆர்03, எல்ஆர்03. காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள்.

திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் செல் நீண்ட நாளில் சிக்கனம்தான். ஆனால் அதன் அழுத்தம் 1.2 வோல்ட், மற்றவை 1.5 வோல்ட். எல்லாக் கருவியும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. புத்தகத்தில் அனுமதி இருந்தால் மட்டும் போடுங்கள். சாதாரண செல்லையோ, சார்ஜ் செய்ய ஏற்றதல்லாத ஆல்கலைனையோ சார்ஜரில் வைக்கவே கூடாது. வெடிக்கும்.

பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலந்து போடாதீர்கள். பலமுள்ள செல் பலமில்லாததை வலுக்கட்டாயமாக ஓட்ட, அது கசியும். தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்து உயிர் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதுவும் கசிவுக்கு வழிதான். மழைக்காலம் முடிந்து கருவியை எடுத்துவைக்கும்போது செல்களைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் அது தோலை அரிக்கும் காரம். கையுறை போட்டு, பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள்.

கம்ப்ரஸர் ரகம் வைத்திருப்பவர்கள் மின்வெட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீடானால் டாக்டரிடம் 'பம்பும் ஸ்பேசரும் எங்கள் குழந்தைக்கு ஆகுமா?' என்று கேளுங்கள். செல்லும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சரியாகப் பிடிக்கத் தெரிந்தால் பல குழந்தைகளுக்கு நெபுலைசருக்கு ஈடாகவே வேலை செய்யும்.

பொத்தான் செல்: வீட்டுக்குள் ஒரு நெருப்பு

தாய்மார்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பாட்டுப் பாடும் பொம்மை, டிஜிட்டல் தெர்மாமீட்டர், எடை பார்க்கும் மெஷின், கார் சாவி இவற்றில் காசு போல வட்டமான செல் இருக்கும். தவழும் குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே குழாயைப் பொத்துவிடக்கூடும். கசிவதால் மட்டுமல்ல, ஈரமான சதை பட்டதும் மின்சாரம் பாய்ந்து, அங்கேயே காரம் உண்டாகி வேகவைக்கிறது. தீர்ந்துபோன செல்லிலும் அந்த அளவு சக்தி மிச்சம் இருக்கும்.

சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 'காசுதான், தானே வெளியே வந்துவிடும்' என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு, எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைக்கு ஒரு வயது நிரம்பி, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, அதனால் விழுங்க முடிந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்கிறார்கள் விஷமுறிவு நிபுணர்கள். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேனுக்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவும் வேண்டாம். ஒரு வயதுக்குள்ளான குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

ஸ்க்ரூ போட்டு மூடிய பொம்மையாகப் பார்த்து வாங்குங்கள். தீர்ந்த பொத்தான் செல்லை உடனே இருபுறமும் டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்து, பாட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பெயரில் மட்டும் சொந்தம்

'நெபுலைசரும் பனிதான், இ-சிகரெட்டும் பனிதான்' என்று வாதாடும் இளவட்டங்கள் உண்டு. அதிலும் திரவம், பாட்டரி, 'அடோமைசர்' எல்லாம் இருப்பது உண்மை. ஆனால் அங்கே கம்பிச்சுருள் பழுக்கச் சூடேறித் திரவத்தை ஆவியாக்குகிறது. பெரும்பாலானவற்றில் இருப்பது நிகோடின். நெஞ்சைத் திறக்கும் மருந்தல்ல, அடிமையாக்கும் நஞ்சு. அமெரிக்காவில் 2019-இல் பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் மட்டும் 68 பேர். கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள்தான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. கிண்ணத்தில் தைலம் வேண்டாம் என்று மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்!

தமிழ்நாடு 2018-இலும், மத்திய அரசு 2019-இலும் இதற்குத் தடை போட்டுவிட்டன. தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் 'ஒன்று வாங்கி வா' என்று பிள்ளைகள் சொல்லியனுப்பினால், அதுவும் இறக்குமதிதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். இதற்கென்று தனியாக விற்கும் லித்தியம் செல்லைச் சாவி, சில்லறையோடு பையில் போட்டுத் தீப்பிடித்துத் தொடை வெந்தவர்களும் உலகில் உண்டு. பேனா போலவோ பென் டிரைவ் போலவோ ஒரு சாமான் அலமாரியில் தட்டுப்பட்டால் கூச்சல் போடாமல் உட்காரவைத்துப் பேசுங்கள். அந்தத் திரவத்தைக் கைக்குழந்தை ஒரு வாய் குடித்தாலே விஷம் என்பதையும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

கருவி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது டாக்டராகிவிடாது. சொன்ன அளவு மருந்து கொடுத்தும் விலா உள்வாங்கி மூச்சு விட்டால், உதடு நீலம் பாய்ந்தால், பால் குடிக்கவோ பேசவோ முடியாமல் திணறினால், மறு மருந்து ஊற்றிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

மற்ற நாளில், ராத்திரி அடுப்படி வேலை முடிந்து கை கழுவும் முன் மூன்றே கேள்வி: கிண்ணம் காய்ந்ததா? செல் புதியதா? பழைய செல் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் மழை எவ்வளவு கொட்டினாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.