நிறுத்துப் பார்க்கும் பழக்கம்

செங்கற்பட்டில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தார், சென்ற மாதம் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டினார்கள். அவ்வீட்டுப் பாட்டியம்மாள் யௌவனத்தில் அணிந்தது. 18 காரட் பொன். முகப்பைச் சுற்றிப் பொடி வைரங்கள். இரு மருங்கிலும் பழைய கிரேக்கக் கோயில்களிற் காணும் இலைமாலையும் சதுரச் சுருட்கோலமும். கடிகாரம் நின்று வெகு காலமாயிற்று.

"இதை உருக்கிப் பெண்ணுக்கு இரண்டு மோதிரம் செய்துவிடலாமா, ஸார்?" என்று கேட்டார் வீட்டு அம்மாள்.

கைக்கடிகாரம் பிறந்ததே மாதர் ஆபரணமாகத்தான் என்பதை நேயர்களிற் பலர் அறியார். நேப்பிள்ஸ் ராணி கரோலின் மூரா 1810-இல் பாரிஸ் நகரத்துப் பிரெகே என்னும் நிபுணரிடம் கையில் அணியும் கடிகாரம் ஒன்று வேண்டினாள். 1812-இல் அது முடிந்தது. 1868-இல் பத்தேக் பிலிப் கம்பெனியார் ஹங்கேரிச் சீமாட்டி ஒருத்திக்குப் பொற்காப்பிலே கடிகாரம் அமைத்தனர். ஆடவரோ சட்டைப்பைக் கடிகாரத்தையே கௌரவமென்று கருதியிருந்தனர். 1914-இல் மூண்ட மகாயுத்தத்துக்குப் பின்னரே அவர்களிடையே இது பரவலாயிற்று.

இத்தகைய கடிகாரத்தில் வெளியே தெரியும் வைரம் பார்வைக்கு. உள்ளே மறைந்திருக்கும் கெம்பே வேலைக்கு. சுழலும் அச்சுகள் தேயாமல் தாங்கி நிற்பவை அச்செயற்கைக் கெம்புகள்தாம். உருக்கினாலோ, நூற்றுக்கு 75 பங்கு தங்கம் மட்டும் மிஞ்சும். பாட்டியம்மாளுக்கு நேரம் சொன்ன யந்திரம் குப்பைக்குப் போகும்.

சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே மாமல்லபுரம் இருக்கிறது. அங்கே மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில், சிங்கத்தின் மீது அமர்ந்து போர் புரியும் துர்க்கையின் கரங்களில் 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி வளைகளைச் செதுக்கியிருக்கிறான். அப்பாறையை நிறுத்து விலை சொன்னால் என்ன கிடைக்கும்? ஜல்லிக்கல்லின் விலைதானே!

பிறர் நம்மவர் வேலையை இப்படி நிறுக்கவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் பி.ஆர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேயக் கடிகாரக் கடை விற்ற வெள்ளிப் பாத்திரங்களில், நம் தட்டார்கள் தெய்வ உருவங்களைச் சமைத்தார்கள். 'சுவாமி வேலை' என்று பெயர் பெற்ற அவற்றைச் சீமையில் விரும்பி வாங்கினார்கள். வேலைப்பாட்டுக்கு விலை உண்டென்று அந்நியர் அறிந்ததை, நாம் தராசின் முன் நின்று மறக்கலாமா?

வீட்டில் பழைய கடிகாரம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோர உப்புக் காற்று உள்ளிருக்கும் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். உலர்ந்த இடத்தில் வையுங்கள். நெடுநாள் நின்றதற்குப் பலவந்தமாகச் சாவி கொடுக்காதீர்கள். அனுபவமுள்ள கடிகாரக்காரர் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட்ட பிறகே ஓட்டுங்கள்.

நம் நண்பர் வீட்டுக் கடிகாரம் இப்பொழுது ஓடுகிறது. நாளொன்றுக்கு நாலு நிமிஷம் பின்தங்குகிறதாம். கல்யாணப் பெண் தினமும் காலையில் அதைத் திருத்திச் சாவி கொடுக்கிறாள். மோதிரப் பேச்சை அந்த அம்மாள் மறுபடி எடுக்கவில்லை.