கியர் பாக்ஸில் ஷாப்ட் ஆட்டம்

உழும்போது டிராக்டர் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருதா? ஷாப்ட் ஆட்டமும் அதற்கொரு காரணம். பாக்ஸைப் பிரித்ததுமே "எல்லாப் பேரிங்கையும் மாத்திடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள், வீண் செலவு. ஷாப்ட் எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கும். புதுசு போட்டும் ஆடினால், பேரிங் உட்காரும் குழியே தேய்ந்து போச்சு என்று அர்த்தம்.

முன்னும் பின்னும் நகர்ந்தால் சங்கதி வேறு. லாக் வளையம், அதன் காடி, ஷிம் தகடு இவற்றைப் பார்க்கணும். டேப்பர் பேரிங் என்றால் ஷாப்டைச் சுற்றிவிட்டு, பேரிங் நன்றாக உட்கார்ந்த பிறகு டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கைக்கணக்கு உதவாது. சரியான அளவு அந்தந்த வண்டியின் ஒர்க்ஷாப் புத்தகத்தில் இருக்கும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெட்டுவிடும். மூடிக்கு அடியில் போடும் பேக்கிங் தடித்தாலும் ஆட்டம் கூடும். ஆகவே கடைசியாகப் போடப்போகிற பேக்கிங்கையே வைத்து அளக்கணும்.