மங்கிய ஒளியும் பிம்பப் பெருக்கியும்

லக்சபானவிலிருந்து பொல்பிட்டிய மின்னிலையத்திற்கு இறங்கும் நீர் அளவில் கூடுவதில்லை; விழும் உயரத்தால் வலிமை பெறுகின்றது. மங்கிய விண்மீன்களைப் பதிவு செய்ய உதவிய பிம்பப் பெருக்கியின் தத்துவமும் ஏறக்குறைய இதுவே.

தொலைநோக்கி திரட்டும் ஒளித்துகள்களில், நூற்றில் ஒன்றளவே புகைப்படத் தகட்டில் தடம் பதிக்கும். பிம்பப் பெருக்கியின் முகப்பிலுள்ள ஒளியுணர் படலமோ, நூற்றில் பத்துக்கு மேலும் ஏற்று, அவற்றுக்கு ஈடாக இலத்திரன்களை வெளிவிடும். காற்றகற்றிய குழாயினுள் பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் அவற்றை விரட்டுகின்றது. அம்மின்னழுத்தமே இங்கு மலையுயரம். பாய்ந்து சென்று ஒளிர்திரையில் மோதும் ஒவ்வோர் இலத்திரனும் பல நூறு ஒளித்துகள்களை எழுப்பும். மணிக்கணக்கில் தகட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்த வேலை நிமிடக் கணக்கில் முடிந்தது. முகில் விலகிய வானம் எத்துணை அரிதென்பதை மலைநாட்டாருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை! ஆயினும், படலம் இருளில் தானாக உதிர்க்கும் இலத்திரன்களும் உடன் பெருகுவதால் படத்தில் மாசு படியும். கூர்மையும் சற்றுக் குன்றும்.

தமிழ்நாட்டின் காவலூரில் 1972ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற 1 மீற்றர் தொலைநோக்கியில், விண்மீன்களின் நிறமாலையைப் பதிய இக்கருவி பயன்பட்டது. நிறமாலையாக விரியும்போது ஒளி மேலும் மெலிவதால், அங்கேதான் இதன் தேவை மிகுதி. பின்னர் சி.சி.டி. சில்லு அவ்விடத்தைப் பெற்றது. வந்த ஒளித்துகள்களில் பெரும்பகுதியை அது தானே கணக்கிற் சேர்த்துவிடுகின்றது.