மலைப்பள்ளி ஆசிரியரின் ஊதியமும் உரிமையும்

பழனி மலைத்தொடரின் மேலே வீற்றிருக்கும் கொடைக்கானல், ஏரிக்கும் குளிருக்கும் பெயர் பெற்றது போலவே கல்விக்கும் பெயர் பெற்ற ஊர். 1901ஆம் ஆண்டில் ஹைகிளெர்க் என்னும் பெயரில் தோன்றிப் பிற்காலத்தில் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக வளர்ந்த கல்விச்சாலை முதல், 1984இல் நிறுவப்பெற்ற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வரை, பல ஸ்தாபனங்கள் இங்கே தழைத்துள்ளன. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் முதலிய கிராமங்களில் அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் ஏழைக் குடியானவர்களின் மக்களுக்கும் பளியர் மக்களுக்கும் அகரம் கற்பிக்கின்றன. ஆசிரியர் பணி தவம் என்று மேடையில் போற்றுவோர் பலர். அத்தவத்தைச் செய்வோருக்கு மாதந்தோறும் என்ன படியளக்கிறோம் என்று கேட்போர் சிலரே. புகழுரையைக் கொண்டு உலை வைக்க இயலாது.

நியாயமான ஊதியம் என்பதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் யுனெஸ்கோவும் இணைந்து 1966 அக்டோபர் 5ஆம் நாள் ஏற்ற பரிந்துரை, ஒத்த தகுதி வேண்டும் பிற உத்தியோகங்களோடு ஒப்பிடும்பொழுது ஆசிரியர் சம்பளம் தாழ்ந்திருத்தல் கூடாது என்று வற்புறுத்துகிறது. நம் நாட்டு உச்சநீதிமன்றமும் 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் தத்துவம் தற்காலிக ஊழியருக்கும் உரியதே என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது.

ஒரே பணி, பல ஊதியம்

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால், நம் பள்ளிகளில் நிலவும் வேற்றுமை பிரத்தியட்சமாகும். 2017இல் திருத்தப்பெற்ற விகிதப்படி, தமிழக அரசுப் பள்ளியில் முறையாக நியமனம் பெற்ற இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 20,600, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ. 36,400. இதனோடு அகவிலைப்படியும், மலையில் பணிபுரிவோருக்கு மலைப்படியும் குளிர்காலப்படியும் சேரும். ஆயினும் இடைநிலை ஆசிரியருள்ளேயே, 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்தவருக்கு ரூ. 8,370 என்றும், பின் சேர்ந்தவருக்கு ரூ. 5,200 என்றும் அடிப்படைச் சம்பளம் பிரிந்தமையால், ஒரே தகுதியோடு ஒரே வகுப்பை நடத்துவோர் இரு வேறு வருவாயில் வாழ நேர்ந்தது. சென்னையில் பின் சேர்ந்தோர் பன்முறை உண்ணாவிரதம் இருந்தது இக்குறை நீங்கவே.

ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியன கற்பிக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் 2012இல் ரூ. 5,000 தொகுப்பூதியத்தில் அமர்ந்தார்கள். அது 2021இல் ரூ. 10,000 ஆகவும், 2024இல் ரூ. 12,500 ஆகவும் உயர்ந்ததேயன்றி, அவர்கள் கோரிய பணி நிரந்தரம் அதனோடு வரவில்லை. 2022இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நிரப்பியபொழுது, இடைநிலை ஆசிரியருக்கு ரூ. 7,500, பட்டதாரிக்கு ரூ. 10,000, முதுகலைப் பட்டதாரிக்கு ரூ. 12,000 என நிர்ணயித்தார்கள்.

வேலையோ குறைந்தபாடில்லை. வத்தலக்குண்டில் விடியற்காலைப் பேருந்து ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மழைநாளில் மண் சரிந்தால் வழியிலேயே காத்திருந்து பள்ளி சேரும் ஆசிரியை, ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொல்லுகிறார். மாலையில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டைத் தேடிச் சென்று எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் வருகைப்பதிவு முதலான விவரங்களை ஏற்றுகிறார். இவ்வுழைப்பு சம்பளப் பட்டியலில் எங்கும் இடம்பெறுவதில்லை.

சட்டம் தரும் பாதுகாப்பு

தனியார் பள்ளி ஆசிரியரின் ஆபத்துகள் வேறு வகையின. நியமன ஆணை தராமை, ஒரு தொகைக்குக் கையொப்பம் பெற்று வேறொரு தொகையைக் கையில் கொடுத்தல், கோடை விடுமுறைச் சம்பளத்தை நிறுத்துதல், அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்தல் ஆகியவை அவற்றுள் தலையாயவை. ஆசிரியர் அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளி அல்லர் என்று சுந்தராம்பாள் வழக்கில் 1988இல் உச்சநீதிமன்றம் கூறியதனால், தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு அவருக்கு அடைபட்டது மெய்யே. எனினும் பிற கதவுகள் திறந்தே உள்ளன.

முதலாவது, பணிக்கொடை. ஆசிரியருக்கு இது பொருந்தாது என்று 2004இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் 2009இல் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே ஆசிரியரையும் உட்படுத்தியது. அத்திருத்தம் செல்லும் என 2022 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர், ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் பெற உரியவர். இறுதியாக ரூ. 13,000 பெற்றுப் பத்தாண்டு உழைத்தவருக்கு, அத்தொகையை 26ஆல் வகுத்து 15ஆலும் 10ஆலும் பெருக்க, ரூ. 75,000 வரும். இவ்வுரிமை இன்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியுள்ளது. காலவரையறை ஒப்பந்தத்தில் அமர்ந்தோர் ஓராண்டு நிறைந்தாலே விகிதப்படி பெறலாம்.

இரண்டாவது, ஊதியச் சட்டத் தொகுப்பு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சேர வேண்டும். பணியினின்று விலகினால் இரண்டு வேலை நாள்களில் கணக்குத் தீர்க்க வேண்டும். பாக்கியைக் கோர மூன்றாண்டு அவகாசம் உண்டு. மூன்றாவது, வருங்கால வைப்பு நிதி. இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் பள்ளியில் நிர்வாகமும் தன் பங்கைச் செலுத்தக் கடமைப்பட்டது. நான்காவது, கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்விக்குப் புறம்பான வேறு வேலையில் ஆசிரியரை ஏவுதல் கூடாது.

செய்ய வேண்டுவன

நியமன ஆணையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கு வாயிலாகவே பெறுங்கள். வாங்காத தொகைக்கு ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டி, நகலை மட்டும் கொடுங்கள். வைப்பு நிதிக் கணக்கில் பணம் சேர்கிறதா என்று அவ்வப்பொழுது பார்த்துவாருங்கள். குறை நேர்ந்தால் முதலில் நிர்வாகத்துக்கு எழுதி ஒப்புகை பெறுங்கள். பின்னர் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், பணிக்கொடை பற்றித் தொழிலாளர் துறைக்கும், வைப்பு நிதி பற்றி அதன் அலுவலகத்துக்கும் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்னும் எண்ணில் வழி கேட்கலாம். அரசுப் பணியிலுள்ளோர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகலாம்.

தனியொருவர் கேட்டால் வேலை போய்விடுமோ என்னும் அச்சம் இயல்பே. ஆகையால் சங்கமாகக் கூடிக் கேளுங்கள். பெற்றோருக்கும் இதில் கடமை உண்டு. தாம் செலுத்தும் கட்டணத்தில் ஆசிரியருக்கு எவ்வளவு சேர்கிறது என்று பள்ளிக் கூட்டத்தில் கேட்கத் தயங்கலாகாது. நம் மலைப்பள்ளிகளில் ஆசிரியர் பலருக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் கிட்டவில்லை என்பதே உண்மை. அதைத் தியாகம் என்று பெயரிட்டு மறைப்பதை விடுத்து, சட்டம் ஏற்கெனவே அளித்துள்ள உரிமைகளையேனும் அவர்கள் கையில் சேர்ப்பது நம் அனைவர் பொறுப்பு.